கிறித்தவ சபைகளிடையே திருமுழுக்கு ஏற்பு

கிறித்தவ சபைகளிடையே திருமுழுக்கு ஏற்பு என்பது, ஒரு திருச்சபையில் வழங்கப்பட்ட திருமுழுக்கை (ஞானஸ்நானம்) மற்றொரு திருச்சபை செல்லத்தக்கதாகக் கொண்டு, தன்னிடம் வருபவருக்கு அதனை மீண்டும் வழங்காது விடுவதைக் குறிக்கும். கத்தோலிக்க திருச்சபைக்கும் லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன் முதலிய சீர்திருத்தத் திருச்சபைகளுக்கும் இடையே நற்கருணை, குருத்துவம், திருத்தந்தையின் அதிகாரம் ஆகியவற்றில் ஆழ்ந்த வேறுபாடுகள் உள்ளன. ஆயினும் திருமுழுக்கைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஒன்றையொன்று ஏற்கின்றன. தமிழகத்தில் இவ்வேற்பு பெரும்பாலும் திருமண நேரத்திலேயே பேசுபொருளாகிறது. கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் (சி.எஸ்.ஐ.) அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற வடசென்னைப் பகுதிகளில் இது நடைமுறை வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

சொல் வழக்கு

தமிழில் ஒரே சடங்குக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. சீர்திருத்தத் திருச்சபையினர் ஞானஸ்நானம் என்கின்றனர். கத்தோலிக்கரும் முன்னர் இச்சொல்லையே பயன்படுத்தினர். தமிழ் வழிபாடு வளர்ந்த பின் திருமுழுக்கு என்னும் சொல் அவர்களிடையே நிலைபெற்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலும் திருமுழுக்கு என்றே காணப்படுகிறது. எனினும் சீர்திருத்தத் திருச்சபைகளின் ஆலயங்களில் பழைய மொழிபெயர்ப்பே பெரும்பாலும் வாசிக்கப்படுவதால் ஞானஸ்நானம் என்ற சொல் மறையவில்லை.

சடங்கின்போது சொல்லப்படும் மூவொரு கடவுளின் பெயரும் இவ்வாறே வேறுபடுகிறது. கத்தோலிக்கர் இன்று தந்தை, மகன், தூய ஆவியார் என்கின்றனர். அவர்களின் முந்தைய தலைமுறையினர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றனர். அதற்கும் முந்தையோர் போர்த்துக்கீசியத் தாக்கத்தால் மூன்றாம் ஆளை இஸ்பிரீத்து சாந்து என்றனர். சீர்திருத்தத் திருச்சபையினர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்கின்றனர். சொற்கள் எவையாயினும் பொருள் ஒன்றே என்பதால் செல்லுபடி பாதிக்கப்படுவதில்லை.

புனிதர்களின் பெயர்களிலும் இந்தப் பிரிவு தெரியும். இயேசுவின் சீடரான பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் இராயப்பர் என்றது. பவுலைச் சின்னப்பர் என்றது. யோவானை அருளப்பர் என்றது. இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரே அங்குள்ள படகோட்டிகளின் பேதுரு ஆலயத்தை ஒட்டி இராயப்பரின் பெயரிலிருந்து வந்தது என்பர். திருமுழுக்குப் பதிவேட்டில் இராயப்பன் என்றிருந்தால் அக்குடும்பம் கத்தோலிக்கம் என்றும், பேதுரு என்றிருந்தால் சீர்திருத்தம் என்றும் ஒரு காலத்தில் எளிதில் கூறிவிடலாம்.

வரலாறு

வேறு சபையில் பெற்ற திருமுழுக்கு செல்லுமா என்னும் கேள்வி, சீர்திருத்த இயக்கத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்டது. 3 ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகர ஆயர் சிப்பிரியான், திருச்சபைக்கு வெளியே தரப்படும் திருமுழுக்கு திருமுழுக்கே அன்று என்றார். திருத்தந்தை முதலாம் ஸ்தேவான், பிரிந்து போனவர்கள் மனம் மாறித் திரும்பினால் கைகளை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும், மீண்டும் திருமுழுக்கு வேண்டாம் என்றார். இப்பூசல் 255 முதல் 257 வரை கடுமையாக இருந்தது. 314 இல் கூடிய ஆர்ல் சங்கம் உரோமையின் வழக்கத்தை ஒட்டி முடிவெடுத்தது: வருபவரிடம் நம்பிக்கை அறிக்கையைக் கேட்க வேண்டும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குப் பெற்றிருந்தால் கைகளை மட்டும் வைக்க வேண்டும். 325 இல் நிசேயா பொதுச்சங்கம், சமோசாத்தா பவுலின் வழிவந்தோருக்கு மட்டும் மீண்டும் திருமுழுக்கு வேண்டும் என விதித்தது. ஆக, ஏற்பும் மறுப்பும் அப்போதே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

இதற்குத் தெளிவான இறையியல் காரணம் தந்தவர் அகுஸ்தீன். தொனாத்தியர் என்ற பிரிவினரோடு வாதிட்டபோது, திருமுழுக்கு வழங்குபவர் மனிதராக இருப்பினும் அதில் செயல்படுபவர் கிறித்துவே என்று அவர் விளக்கினார். வழங்குபவர் பாவியாகவோ பிரிவினைக்காரராகவோ இருப்பதால் அருளடையாளம் கெடுவதில்லை. மேற்குத் திருச்சபை முழுவதும் பின்னர் இக்கருத்திலேயே நின்றது.

16 ஆம் நூற்றாண்டில் லுத்தரும் கால்வினும் உரோமையிலிருந்து பிரிந்தபோது, தாம் கத்தோலிக்க ஆலயத்தில் குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கை மறுக்கவில்லை. மீண்டும் பெறவும் இல்லை. மறுபுறம் 1547 மார்ச்சு 3 அன்று திரெந்து பொதுச்சங்கம், திருச்சபை செய்வதையே செய்யும் கருத்தோடு மூவொரு கடவுளின் பெயரால் தப்பறையாளர் வழங்கும் திருமுழுக்கும் உண்மையான திருமுழுக்கே என்று வரையறுத்தது. ஒருவரையொருவர் தப்பறையாளர் எனச் சாடிய காலத்திலும் இந்த ஒரு புள்ளியில் இரு தரப்பும் உடன்பட்டிருந்தது கவனிக்கத்தக்கது. இதனை முற்றாக மறுத்தவர்கள் 1525 இல் சூரிச்சு நகரில் தோன்றிய மறுமுழுக்கினர் ஆவர். அவர்கள் குழந்தைத் திருமுழுக்கையே ஏற்கவில்லை.

ஏட்டில் ஏற்பு இருந்தபோதும் நடைமுறை வேறாக இருந்தது. சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர்களுக்கு 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல இடங்களில் நிபந்தனைத் திருமுழுக்கு ஏறத்தாழ வழக்கமாகவே வழங்கப்பட்டது. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறித்தவ ஒன்றிப்பு பற்றிய ஆணை, முறையாகத் திருமுழுக்குப் பெற்ற அனைவரும் நிறைவற்றதாயினும் உண்மையான ஒரு உறவில் கத்தோலிக்க திருச்சபையோடு இணைந்துள்ளனர் என்றது. 1967 இல் வந்த ஒன்றிப்பு வழிகாட்டி ஏடு, கண்மூடித்தனமான நிபந்தனைத் திருமுழுக்கு வழக்கத்தை நிறுத்தியது. 1983 இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (சட்டம் 869) இதனைச் சட்டமாக்கியது. 1993 இல் திருத்திய வழிகாட்டி ஏடு விரிவான நெறிகளைத் தந்தது.

செல்லுபடிக்கான கூறுகள்

கத்தோலிக்க நெறிப்படி மூன்று கூறுகள் பார்க்கப்படுகின்றன. அவை தண்ணீர், சொற்கள், வழங்குபவரின் கருத்து என்பன.

தண்ணீர் இயற்கையான தண்ணீராக இருத்தல் வேண்டும். அதில் அமிழ்த்தலாம், அல்லது தலையில் ஊற்றலாம். தெளித்தல் மட்டும் நடந்திருந்தால், தண்ணீர் உடலின் மேல் ஓடியதா என்று கேட்கப்படும். ஈர விரலால் நெற்றியைத் தொட்டு முடித்துவிடும் போதகர்களால்தான் ஐயம் எழுகிறது. இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. திருமுழுக்கு என்று சொல்லும் கத்தோலிக்கர் பெரும்பாலும் முழுக்காட்டுவதில்லை, தண்ணீரை ஊற்றுகின்றனர். உண்மையில் முழுக்காட்டும் பெந்தெகொஸ்தே சபையினரோ ஞானஸ்நானம் என்கின்றனர். தேவைப்படும்போது முழுக்கு ஞானஸ்நானம் என்று சேர்த்துச் சொல்லிக்கொள்கின்றனர்.

சொற்கள் மத்தேயு நற்செய்தி 28:19 ஐ ஒட்டி மூவொரு கடவுளைப் பெயரிட்டுக் கூற வேண்டும். இதில் கத்தோலிக்க திருச்சபை விட்டுக்கொடுப்பதில்லை. படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர் என்ற மாற்றுச் சொற்களால் வழங்கப்பட்டது செல்லாது என 2008 இல் அறிவித்தது. நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்பதற்கு மாறாக நாங்கள் எனக் கூறி வழங்கப்பட்டதும் செல்லாது என 2020 ஆகத்து மாதத்தில் அறிவித்தது. இந்த இரண்டாம் முடிவால் பாதிக்கப்பட்டவர்களில் கத்தோலிக்கக் குருக்களும் இருந்தனர். தம் குழந்தைப் பருவத் திருமுழுக்கு செல்லாததால் தம் குருத்துவமும் செல்லாது என அறிந்த அவர்கள், திருமுழுக்கு முதல் குருத்துவம் வரை அனைத்தையும் புதிதாகப் பெற நேர்ந்தது.

கருத்து என்பது, திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம். வழங்குபவரின் இறையியல் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1993 வழிகாட்டி ஏட்டின்படி, திருமுழுக்கு பற்றிய போதிய நம்பிக்கை வழங்குபவருக்கு இல்லாமை மட்டுமே அதனைச் செல்லாததாக்காது.

சீர்திருத்தத் திருச்சபைகளின் நற்கருணையையும் குருத்துவத்தையும் ஏற்காத கத்தோலிக்க திருச்சபை திருமுழுக்கை மட்டும் ஏற்பது ஏன் என்னும் கேள்வி இயல்பாக எழும். விடை, வழங்குபவர் யார் என்பதில் உள்ளது. நற்கருணைக்குக் குருத்துவம் தேவை. 1896 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என அறிவித்தார். திருமுழுக்குக்கோ குரு கட்டாயமன்று. அவசர வேளையில் யாரும், திருமுழுக்குப் பெறாதவரும்கூட, சரியான கருத்தோடு வழங்கலாம் (சட்டம் 861). எடுத்துக்காட்டாக, மகப்பேறு மருத்துவமனையில் இறக்கும் நிலையிலுள்ள கத்தோலிக்கக் குழந்தைக்கு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த செவிலியரோ இந்து செவிலியரோ தண்ணீர் ஊற்றி உரிய சொற்களைச் சொன்னால் அது முழுமையான திருமுழுக்கே. குழந்தை பிழைத்துக்கொண்டால் ஆலயத்தில் மற்றச் சடங்குகள் நடைபெறுமே தவிர, தண்ணீர் மீண்டும் ஊற்றப்படாது.

தென்னிந்தியத் திருச்சபையின் நிலை

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, மற்றும் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைக் கொண்ட தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை அதில் இணைந்தன. ஆயர் வழிமரபுப்படி திருநிலைப்படுத்தப்படாத போதகர்களை என்ன செய்வது என்னும் கேள்வி அன்று இங்கிலாந்து வரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. திருமுழுக்கு பற்றி அத்தகைய சர்ச்சை எழவில்லை. இணைந்த மரபுகள் அனைத்தும் ஒன்றன் திருமுழுக்கை மற்றொன்று முன்னரே ஏற்றிருந்தன.

இச்சபை குழந்தைகளுக்கும், நம்பிக்கை அறிக்கையிட்டு வரும் பெரியோருக்கும் மூவொரு கடவுளின் பெயரால் தண்ணீரில் திருமுழுக்கு வழங்குகிறது. திருமுழுக்கு ஒருமுறை மட்டுமே என்பது அதன் கொள்கை. எனவே கத்தோலிக்கராய் இருந்து வருபவருக்கு அது மீண்டும் வழங்கப்படுவதில்லை. 1919 இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் நிலையும் இதுவே.

கத்தோலிக்கம் நோக்கி வருபவருக்கும் அவ்வாறே. அவர் நம்பிக்கை அறிக்கையிட்டு, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெறுகிறார். சி.எஸ்.ஐ. ஆயர் தந்த திடப்படுத்தல் கத்தோலிக்கப் பார்வையில் அருளடையாளமன்று என்பதால் உறுதிபூசுதல் மட்டும் புதிதாக வழங்கப்படுகிறது. இரண்டு மணித்துளி இடைவெளியில் ஒன்றை ஏற்று மற்றொன்றை ஏற்காத இச்சடங்கு சிலருக்கு வருத்தம் தருவது உண்டு.

வடசென்னையும் கலப்பு மணமும்

சென்னையில் இச்சிக்கல் கோட்டை காலத்திலேயே தொடங்கியது. 17 ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயப் படைவீரர் பலர் போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கப் பெண்களை மணந்தனர். பிறக்கும் குழந்தைக்குக் கப்புச்சின் துறவிகள் திருமுழுக்கு வழங்குவதா, கம்பெனியின் போதகர் வழங்குவதா என்பது கோட்டை நிருவாகத்துக்கே தலைவலியாயிற்று. யார் வழங்கினாலும் அது செல்லும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. குழந்தை எந்தச் சபைக்கு உரியது என்பதே பூசலாயிற்று. பிரெஞ்சுக்காரர் 1746 இல் கைப்பற்றிய நகரம் 1749 இல் ஆங்கிலேயரிடம் திரும்பியபோது, கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்ற குற்றச்சாட்டின் பேரில் கோட்டைக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டனர்.

இன்றைய வடசென்னையின் கிறித்தவர்களில் பலர் வேலை தேடி வந்தவர்களின் வழியினர். இராயபுரத்தில் 1856 இல் தொடங்கிய தொடருந்து நிலையமும், துறைமுகமும், காசிமேட்டின் மீன்பிடித் தொழிலும், பின்னர் எண்ணூர், திருவொற்றியூரில் எழுந்த வாகனத் தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையமும் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்களை ஈர்த்தன. தூத்துக்குடிக் கடற்கரையின் கத்தோலிக்கரும் திருநெல்வேலி உட்பகுதியின் சி.எஸ்.ஐ. குடும்பத்தினரும் சொந்த ஊரில் தனித்தனி ஊர்களில் வாழ்ந்தவர்கள். இங்கு ஒரே தொழிற்சாலையில், ஒரே தெருவில் வாழத் தலைப்பட்டனர். இவ்விரு சபையினரிடையே திருமணங்கள் நிகழ்வது வியப்பன்று.

இத்தகைய திருமணத்தில் திருமுழுக்கு ஏற்பு மூன்று இடங்களில் வேலை செய்கிறது.

முதலாவது, எந்த அனுமதி தேவை என்பது. கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெற்ற வேறு சபைக் கிறித்தவரை மணப்பதற்கு ஆயரின் இசைவு போதும் (சட்டம் 1124). திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்கு சமய வேறுபாட்டுத் தடையிலிருந்து விலக்கு வேண்டும் (சட்டம் 1086). அவ்விலக்கு இல்லாவிடில் திருமணமே செல்லாது. எனவே பங்குத்தந்தை முதலில் கேட்பது மறுதரப்பின் ஞானஸ்நானச் சான்றிதழை. சான்றிதழ் கிடைக்காவிடில், திருமுழுக்கை நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலமும் ஏற்கப்படும். வளர்ந்த பின் பெற்றவராயின் அவரது உறுதிமொழியே போதும் (சட்டம் 876). இரு ஆலயங்களிலும் ஓலை வாசிப்பது தமிழக வழக்கம்.

இரண்டாவது, பிறக்கும் குழந்தைகள். 1917 இன் சட்டத் தொகுப்புப்படி, எல்லாக் குழந்தைகளையும் கத்தோலிக்கராக வளர்ப்பதாக இருவருமே உறுதிமொழி தர வேண்டியிருந்தது. 1970 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதனை மாற்றினார். இப்போது கத்தோலிக்கத் தரப்பு மட்டும், தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வதாக வாக்களிக்கிறார். மறுதரப்புக்கு அது தெரிவிக்கப்படுகிறது. இயன்ற அனைத்தும் என்ற சொற்றொடரின் எல்லை எது என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனியாகத் தீர்க்கப்படுகிறது. குழந்தை எந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றாலும் செல்லும் என்பதால் தோற்பவர் யாரும் இல்லை எனக் கூறலாம். இரு பாட்டிமார்களும் அவ்வாறு கருதுவதில்லை. இருவரையும் நிறைவு செய்ய ஆயரும் பங்குத்தந்தையும் சேர்ந்து ஒரே குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கக் கத்தோலிக்க நெறி இடம் தருவதில்லை. வழங்குபவர் ஒருவரே, மற்றவர் மறைநூல் வாசிக்கலாம், மன்றாடலாம். சி.எஸ்.ஐ. உறவினர் ஒருவர், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம்.

மூன்றாவது, பலரும் எதிர்பாராதது. திருமுழுக்குப் பெற்ற இருவரின் செல்லத்தக்க திருமணம் அதனாலேயே அருளடையாளம் என்கிறது கத்தோலிக்கச் சட்டம் (சட்டம் 1055). இது இரண்டு சி.எஸ்.ஐ. உறுப்பினர்கள் தம் ஆலயத்தில் செய்துகொண்ட திருமணத்துக்கும் பொருந்தும். ஆகவே மணவிலக்குப் பெற்ற சி.எஸ்.ஐ. உறுப்பினர் ஒருவர் கத்தோலிக்கரை மணக்க வந்தால், அவரது முந்தைய திருமணம் கத்தோலிக்கப் பார்வையில் நீடிக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு போதாது. திருச்சபை நடுவர் மன்றம் அம்மணம் தொடக்கத்திலேயே செல்லாதது எனக் கண்டால்தான் வழி உண்டு. அவரது முதல் திருமணம் திருமுழுக்குப் பெறாத ஒருவருடன் நிகழ்ந்திருந்தால், அதனை அவிழ்க்கும் வழிகள் சில உள்ளன. ஏற்பு என்பது சில வேளைகளில் கதவைத் திறப்பதற்கு மாறாக மூடவும் செய்கிறது.

இவை யாவும் திருச்சபைச் சட்டம். நாட்டின் சட்டம் வேறு. 1872 இன் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், கிறித்தவ சமயத்தைப் பின்பற்றுவோரையே கிறித்தவர் என்கிறது. திருமுழுக்கின் செல்லுபடி அங்குக் கேட்கப்படுவதில்லை. திருச்சபை நடுவர் மன்றத் தீர்ப்புக்குக் குடிமைச் சட்டத்தில் விளைவு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1996 இலும் 2017 இலும் தெளிவுபடுத்தியது. எனவே மறுமணம் நாடும் கத்தோலிக்கருக்கு இரண்டு தீர்ப்புகளும் வேண்டும்.

நிபந்தனைத் திருமுழுக்கு

திருமுழுக்கு நடந்ததா, முறையாக நடந்ததா என்னும் ஐயம் ஆய்வுக்குப் பின்னும் நீங்காவிடில், நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறாதிருந்தால் என்னும் நிபந்தனையை முன்வைத்து அது வழங்கப்படும். முன்பு பெற்றது உண்மையாயின் இரண்டாவதற்குப் பொருளில்லை. முன்பு பெறாவிடில் இதுவே திருமுழுக்கு. பிற சபையினரை இழிவுபடுத்தாதிருக்க, இது மக்கள் கூடிய வழிபாட்டில் அன்றித் தனியாக நடைபெற வேண்டும் என்பதும், எதற்காக ஐயம் என்பதை உரியவருக்கு விளக்க வேண்டும் என்பதும் நெறி.

ஏற்பு இல்லாத இடங்கள்

மோர்மோன் சபையின் திருமுழுக்கு செல்லாது எனக் கத்தோலிக்க திருச்சபை 2001 இல் அறிவித்தது. சொற்கள் ஒத்திருந்தும், அச்சபை மூவொரு கடவுளைப் புரிந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு என்பது காரணம். யெகோவாவின் சாட்சிகள் மூவொருமையையே மறுப்பதால் அவர்களுடையதும் ஏற்கப்படுவதில்லை. இரட்சணிய சேனை திருமுழுக்குச் சடங்கையே கடைப்பிடிப்பதில்லை. ஆகவே அச்சபையில் பிறந்து வளர்ந்த பற்றுமிக்க கிறித்தவர் ஒருவரும் இச்சட்டக் கணக்கில் திருமுழுக்குப் பெறாதவராகிறார். இயேசுவின் பெயரால் மட்டும் திருமுழுக்கு வழங்கும் ஒருமைப் பெந்தெகொஸ்தே சபைகளின் நிலையும் இதுவே. அவர்கள் திருத்தூதர் பணிகள் 2:38 ஐச் சான்றாகக் காட்டுவர்.

மூவொரு கடவுளின் பெயரால் முழுக்காட்டும் பிற பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்டு சபைகளின் திருமுழுக்கைக் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையினரும் ஏற்கின்றனர். மறுதலையாக அச்சபைகள் குழந்தைத் திருமுழுக்கை ஏற்பதில்லை. அதனைத் தெளிப்பு ஞானஸ்நானம் எனச் சற்றே ஏளனமாகக் குறிப்பர். நம்பிக்கை கொள்ளும் வயதுக்கு முன் நிகழ்ந்தது திருமுழுக்கே அன்று என்பதால், தாம் செய்வது மறுமுழுக்கு அன்று, முதல் முழுக்கே என்பது அவர்கள் வாதம். வடசென்னையில் இன்று கூர்மையாக உணரப்படுவது இந்தப் பிளவுதான். சி.எஸ்.ஐ. இளைஞர் ஒருவர் பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினால், அவருடைய சபை அதனைத் தான் தந்த அருளடையாளத்தை மறுத்த செயலாகக் காண்கிறது. அவரோ வேதத்துக்குக் கீழ்ப்படிந்ததாகக் காண்கிறார். இதனால் பெற்றோரும் பிள்ளைகளும் ஞாயிறன்று வெவ்வேறு ஆலயம் செல்லும் வீடுகள் உண்டு.

எழுத்து வடிவ உடன்பாடுகள்

1982 இல் பெரு நாட்டின் லிமா நகரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாசமும் அமைப்பும் ஆணையம் திருமுழுக்கு, நற்கருணை, திருப்பணி பற்றிய ஏட்டை ஏற்றது. அம்மன்றத்தில் உறுப்பினராக இல்லாத கத்தோலிக்க திருச்சபையின் இறையியலாளரும் அவ்வாணையத்தில் பங்கேற்றனர். மறுமுழுக்கு எனப் பொருள்கொள்ளத்தக்க எச்செயலையும் தவிர்க்குமாறு அவ்வேடு கேட்டுக்கொண்டது.

2007 ஏப்ரல் 29 அன்று செருமனியின் மக்தபூர்க்கு பேராலயத்தில் கத்தோலிக்க, சீர்திருத்த, ஆர்த்தடாக்சு மரபுகளைச் சேர்ந்த 11 திருச்சபைகள் ஒன்றன் திருமுழுக்கை மற்றொன்று ஏற்கும் அறிக்கையில் கையொப்பமிட்டன. பாப்டிஸ்டுகளும் மென்னோனைட்டுகளும் அதில் சேரவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010 இல் ஒப்புதல் தந்த உடன்பாட்டில், நான்கு சீர்திருத்த மரபுச் சபைகளுடன் 2013 சனவரியில் டெக்சசு மாநிலத்தில் கையொப்பமானது. தண்ணீர் ஓட வேண்டும், மூவொரு கடவுளின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற இரண்டையும் அது வலியுறுத்தியது. இந்தியாவில் கத்தோலிக்க திருச்சபைக்கும் மலங்கரை சிரியன் ஆர்த்தடாக்சு (யாக்கோபாய) திருச்சபைக்கும் இடையே 1994 இல் சபைகளுக்கிடையிலான திருமணம் பற்றிய உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. அத்திருச்சபையின் குருத்துவமும் நற்கருணையும் கத்தோலிக்கத்தால் ஏற்கப்படுபவை. ஆகவே அங்குத் திருமுழுக்கு ஒரு கேள்வியாகவே எழவில்லை.